கதிரேசனுக்கும் சேர்த்து

வாகைப்பாளையத்தில் சத்தம் நின்றால்தான் தூங்குகிறவர்கள் விழிப்பார்கள். முந்நூறுக்கு மேல் விசைத்தறிகள் பகலும் இரவும் ஓடுகிற ஊர் அது. தொட்டில் பிள்ளைக்குத் தாலாட்டும் அந்தச் சத்தம்தான், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்குத் துணையும் அந்தச் சத்தம்தான், அது ஓடுகிறவரை உலகம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அது நின்றால் கரண்ட் போய்விட்டது. அதனால் மார்கழி மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குச் சத்தம் நின்றபோது ஊர் முழுக்கப் பெண்கள் தீப்பெட்டியைத் தேடினார்கள், ஆண்கள் ஸ்விட்சை அணைக்க ஓடினார்கள், ஓடியவர்கள் பாதியில் நின்று தலைக்கு மேலே பார்த்தார்கள். லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. தறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, நூல் கோத்த நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாய்ந்து பாய்ந்து திரும்பிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அன்றைக்குத்தான் செங்கோடனின் தறிக்கூடத்துக்கு மேலே குடியிருந்த வைரவன் தன் புது ஹெட்செட்டை முதல்தடவையாகத் தலையில் மாட்டினான்.

வைரவன் இந்த ஊர்க்காரன் இல்லை. சாத்தூருக்குத் தெற்கே தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் தாய்க்கும் லாரியில் மூட்டை ஏற்றும் தகப்பனுக்கும் பிறந்து, வம்சத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் வாகைப்பாளையத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவன். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை அவன் வாயிலிருந்து வருவது நான்கே கேள்விகள்தான்: பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, ஓடிபி வந்துருச்சா. ஊரில் அத்தனை பேருடைய அப்பா பெயரும் அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவின் பெயரை அந்த ஊரில் யாரும் விசாரித்ததில்லை.

ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. தறிச் சத்தத்துக்குள் தொண்டை எடுபடாது என்று கையையும் உதட்டையும் வைத்து அவர்கள் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். நூல் அறுந்துபோச்சு, டீ வந்தாச்சு, மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் அதில் ஒரு கை உண்டு. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிட்டாயிற்றா என்று பொருள். அதன்பிறகு ஒரு விரலையும் இரண்டு விரலையும் மாற்றி மாற்றி நிமிர்த்தினால், எத்தனை பேருக்குப் போட்டு வைக்கட்டும் என்று பொருள். அவன் குடிவந்த வாரத்தில், கீழே தறி ஓட்டும் பாவாத்தாள் மாடிப்படி ஏறிய அவனைப் பார்த்து அப்படித்தான் காட்டினாள். அவள் ஏதோ காசு கேட்கிறாள் என்று பயந்து வைரவன் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டான். அப்புறம் அவள் காட்டவில்லை. எட்டு மாதம் ஆயிற்று.

ஆக அவனுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது நான்கு குரல்கள். மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழைய பெட்டியில் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றாகச் சேர்த்து அவன் ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்கியிருந்தான். அதில் செவ்வாய் தவிர தினமும் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து இன்னோர் ஐந்து பேரைச் சுடுகிற விளையாட்டு. கேப்டன் தூத்துக்குடி ரெமிஜியஸ். அவனுக்குக் கோபம் வந்தால் விளையாட்டிலிருப்பவர்கள் அத்தனை பேரும் அவனுக்கு ‘ஏல’தான். அப்புறம் வாணியம்பாடி நஸ்ரின். அப்புறம் அதிகம் வாயைத் திறக்காத காரைக்கால் இரட்டையர். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. அந்த விளையாட்டில் கண்ணைவிடக் காது பெரிது. எதிரியின் காலடி இடப்பக்கம் கேட்கிறதா வலப்பக்கம் கேட்கிறதா என்று பிரித்துச் சொல்கிறவன் இருந்தால் அணி பிழைக்கும். முந்நூறு தறிக்கு நடுவே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்றுகூட மேலே இருந்தபடியே சொல்லப் பழகிவிட்ட வைரவனுக்கு அந்த வேலை வாய்த்தது. அவன் சொன்னால் ரெமி யோசிக்காமல் அந்தப் பக்கம் திரும்புவான். தன் வாழ்நாளில் தன் வார்த்தைக்கு இன்னொருவர் அத்தனை வேகமாகத் திரும்பி வைரவன் பார்த்ததில்லை.

ஆனால் அவனிடம் இருந்தது போனோடு வந்த இயர்போன். அதன் மைக்கில் அவன் குரலோடு தறியும் போனது.

“ஏல, அது என்னல சத்தம்? வீட்டுக்குள்ள ரயிலு ஓடுதா?”

தறிக்கூடத்துக்கு மேலே தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வைரவனுக்கு வாய் வரவில்லை. “அது... ரூம்மேட் வாஷிங் மெஷின் போட்டிருக்கான்.”

“யாரு ரூம்மேட்டு?” என்றாள் நஸ்ரின்.

“கதிரேசன். கூடப் படிச்சவன். கோயம்புத்தூர்ல ரெண்டு பேருமா ஃப்ளாட் எடுத்திருக்கோம்.”

கதிரேசன் பிறந்தது இப்படித்தான். பிறந்தவன் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தான். முட்டைக் குழம்பு நன்றாக வைப்பான், குறட்டை விடுவான், கதவைச் சாத்தமாட்டான், ஒரு பெண்ணுக்காக அழுதான். நாள்போக்கில் வைரவன் மைக்கைப் பிடித்துக்கொண்டே பின்னால் திரும்பி, “டேய், மெதுவாடா, மேட்ச் ஓடுது” என்று காலிச் சுவரைப் பார்த்துச் சொல்லவும் பழகினான். சொல்லிவிட்டுத் திரும்பும்போது அறை கொஞ்சம் நிறைந்திருந்த மாதிரி இருக்கும்.

“தெனமும் ஏழு மணிக்காடா தொவைப்பான்?” என்று ரெமி ஒருநாள் வெடித்தான். “ஊர்த் துணியெல்லாம் எடுத்துட்டு வந்து தொவைக்கானா உன் கதிரேசன்? இங்க பாரு. தை மாசம் கடைசி ஞாயித்துக்கெழம டோர்னமெண்ட். நீ லெஃப்ட்டுன்னு சொல்லுதியா ரைட்டுன்னு சொல்லுதியான்னே வெளங்கல. மைக்க மாத்துல. இல்லன்னா நான் ஆள மாத்திருவேன்.”

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் வைரவன் வேறு எதையும் நினைக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேலே போகக்கூடாது என்று தனக்குத்தானே கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள் நின்றபடி, காதுக்குள் செருகுவது மேலா காதை மூடுவது மேலா, மேஜையில் நிற்கும் மைக் குரலை அழகாக எடுக்கும் என்கிறார்கள், ஆனால் அது தறியையும் அழகாகத்தானே எடுக்கும், சட்டையில் குத்தும் மைக் மலிவு, ஆனால் அசைந்தால் உரசும், வாயருகே கம்பி நீட்டிக்கொண்டு வருகிற மைக்தான் நமக்குச் சரி, அப்படியென்றால் ஹெட்செட், அதில் கலர் லைட் எரிகிறது முந்நூறு ரூபாய் கூட, லைட் எரிந்து நமக்கு என்ன, பின்னால் திறந்த மூடி உள்ளதில் காற்று வரும் சத்தமும் வரும், மூடியது காது வேகும் ஆனால் சத்தம் அடங்கும் என்று, முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதிவைத்த கருத்துகளை, ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைச் சந்தேகத்தோடும் இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களை மரியாதையோடும், பரீட்சைக்குப் படித்ததுபோலப் படித்தான். தப்பானதை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க முடியாதவர்கள்தான் அப்படிப் படிப்பார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு சந்துக் கடைக்குள், பெயர் அச்சிடாத ஓர் அட்டைப்பெட்டியைக் கடைக்காரர் எடுத்து முன்னே வைத்தார்.

“இத மாட்டிப் பாருங்க தம்பி. மாட்டுனா வெளிச் சத்தம் ஒரு பொட்டுக் கேக்காது.”

யாருக்குக் கேட்காது என்று அவர் சொல்லவில்லை. அவனும் விளக்கம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹெட்செட்டின் வால் இரண்டாகப் பிரிந்து, காதுக்கு ஒரு பின்னும் மைக்குக்கு ஒரு பின்னுமாக இருந்தது. பழைய பெட்டியின் முகப்பில் இரண்டு துளையிலும் பச்சையும் ரோஸும் தேய்ந்துபோய் இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் வைரவன் குத்துமதிப்பாகச் செருகினான். குரல் போயிற்று, குரல் வந்தது, அப்படியே விட்டுவிட்டான். பின்னால் ஊரில் சிலர், பின்னை மாற்றிக் குத்தியதால்தான் அப்படி ஆயிற்று என்றார்கள். மார்கழி மாதம் ஆரம்பித்த காரியம் எதுதான் நேராகப் போகும் என்றார்கள் வேறு சிலர். அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் நேரம் இருக்கவில்லை, சத்தமில்லாமல் ஓடுகிற தறியைக் கவனிக்கிற வேலை இருந்தது.

அன்று மாலை ரெமிதான் முதலில் கவனித்தான். “என்னல, ஒண்ணுமே கேக்கல? வாஷிங் மெஷினு ரிப்பேரா?”

“கதிரேசன் புது மெஷின் வாங்கிட்டான்” என்றான் வைரவன். ஒன்பது மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றினான், தறிச் சத்தம் தடதடவென்று திரும்பி வந்தது. நல்ல சாமான்தான் என்று நினைத்துக்கொண்டான். அந்த வகைச் சாமானுக்குக் கருத்து எழுதும் பக்கத்தைத் தேடிப்பிடித்து, “வெளிச் சத்தம் சுத்தமாகக் கேட்கவில்லை” என்று எழுதி, காதுமடல் சுடுகிறது என்பதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து நான்கு கொடுத்தான். பஞ்சு பறந்து வரும் என்று அவன் ஜன்னலைத் திறப்பதே இல்லை, ஆகவே வெளியே என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

வெளியே நடந்தது என்னவென்றால், தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரயில்வே கேட் வரை ஊரில் எந்தச் சத்தமும் இல்லாமல், அவன் குரல் மட்டும் கேட்டது. நாய் வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. பஸ் வந்து நின்று போயிற்று, சத்தம் வரவில்லை. புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தவள் தன் திட்டுத் தனக்கே கேட்காமல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அத்தனைக்கும் மேலே, மழை ஓய்ந்தபின் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்போலத் தெளிவாக, இ-சேவைத் தம்பியின் குரல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கேட்டது. “லெஃப்ட்ல ரெண்டு பேரு. படிக்குக் கீழ. ரெமி, இரு, இரு, இப்பப் போ.” பிறகு ஒரு சிரிப்பு. அவன் சிரித்து ஊர் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கும் பிறகு, “கதிரேசா, கதவச் சாத்துடா.”

மறுநாள் காலை அய்யாவுவின் டீக்கடையில், உள்ளறையில் பெஞ்சை இழுத்துப் போட்டு ஆளாளுக்குக் குனிந்து பேசினார்கள்.

“ஏனுங் செங்கோடண்ணா, உங்க மேல் வீட்டுல எத்தன பேருங்?” என்றார் அய்யாவு.

“ஒராளுதான்.”

“அப்புறம் கதிரேசன்னு கூப்புடறாப்ல?”

செங்கோடன் டீயை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். “ஒரு கட்டல்தான் போட்டுக் குடுத்திருக்குது அய்யாவு.”

பிறகு யாரோ, எல்லாருக்கும் கேட்கிறது என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிடலாமா என்று இழுத்தார். வாசலில் தூக்குப்போசியில் டீ வாங்க நின்ற பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லிப்போட்டா அந்தப் பையன் பேசறதையே நிறுத்திப்போடுமுங். எட்டு மாசமா என் தலைக்கு மேல குடியிருக்குது, அது சிரிச்சு நான் கேட்டதில்ல. சொல்லாதீங்.”

அதுதான் ஊர்க்கட்டு ஆயிற்று. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் ஊர் தன்னைத்தானே அந்த இரண்டு மணி நேரத்துக்கு மாற்றிவைத்துக்கொண்டது. மாரியம்மன் கோயில் பூஜை ஆறரை மணிக்கே வந்தது. தறிக்காரர்கள் காதால் பார்த்த வேலையைக் கையால் பார்த்தார்கள், தறிச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் நூல் அறுந்தது தெரியும் என்று கண்டுகொண்டார்கள். பஸ் கண்டக்டர் தண்ணீர்த் தொட்டியருகே இறங்கிச் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். பச்சைப்பிள்ளைக்காரிகள் அழுகையைக் கேட்பதற்குப் பதிலாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பழகினார்கள், பார்த்துக்கொண்டே இருந்ததால் பிள்ளைகள் அழுவது குறைந்தது. வேறோர் ஊராக இருந்திருந்தால் பேச்சில்லாமல் திண்டாடியிருப்பார்கள்; இவர்களுக்குக் கைப்பாஷை இருந்தது, அதுவரை தறிக்கூடத்துக்குள் மட்டும் இருந்த பாஷை வீட்டுக்கும் கடைக்கும் வந்தது. செவ்வாய்க்கிழமை ரெமியின் அணிக்கு ஓய்வு என்று தெரிந்து, நாகஸ்வரம் வைத்த கல்யாணங்களையும் சீர்களையும் செவ்வாய் மாலைக்கு மாற்றினார்கள். செவ்வாயில் நல்ல காரியமா என்று வெளியூர் ஒறம்பரைகளான சொந்தபந்தங்கள் முகம் சுளித்தபோது, எங்க ஊர் வழக்கமுங் என்று சொல்லிவிட்டார்கள்.

ரெமியின் குரலோ நஸ்ரினின் குரலோ அவர்களுக்குக் கேட்காது. வைரவனின் பாதியை வைத்து மறுபாதியைத் தாங்களே கட்டிக்கொண்டு காலையில் டீக்கடையில் பேசினார்கள்.

“அந்த ரெமி பயங்கரக் கோவக்காரனாட்ட இருக்குது.”

“கோவம் இருக்கிற எடத்துலதானுங் கொணம் இருக்கும். நஸ்ரின் புள்ளைக்குத்தான் பாவம், எந்நேரமும் முன்னால போய்ச் சாகுது.”

“டோர்னமெண்டு எப்பங்?”

“தைக் கடைசி ஞாயிறு. நாலு மணிக்கு.”

கதிரேசனைப்பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அவன் பெயர் காற்றில் வரும்போது டீக்கடையில் கண்ணாடி டம்ளருக்குள் பார்த்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம், “கதிரேசனுக்குக் காய்ச்சல்டா, நான்தான் பாத்துக்கணும்” என்று வைரவன் ரெமியிடம் சொன்னது எல்லா வீட்டிலும் கேட்டது. மறுநாள் காலை அவன் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு தூக்குப்போசி. உள்ளே மிளகு ரசமும் குழைத்த சோறும், இரண்டு பேருக்குக் காணும்படி. வீட்டுக்காரர் வீட்டில் ஏதோ நோம்பி விசேஷமாக இருக்கும், எல்லாருக்கும் கொடுப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டு காய்ச்சல் இல்லாத வைரவன் அத்தனை ரசத்தையும் குடித்தான். கதிரேசனுக்குப் பிறந்தநாள் என்று ஒருநாள் சொன்னான். மறுநாள் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் பன்னிரண்டு. கதிரேசன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொன்ன வாரம் ஒன்றும் வரவில்லை. அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. போசியைக் கழுவி, திருப்பித் தருவது யாரிடம் என்று தெரியாமல், படிக்கட்டின் கடைசிப் படியில் வைத்துவிடுவான். அது மாயமாக மறைந்துவிடும். தன்னைப்பற்றி இந்த ஊருக்கு ஒன்றும் தெரியாது என்றே அவன் நினைத்திருந்தான். அந்த நினைப்பு வலித்தாலும் அதற்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது.

தை மாதம் மூன்றாம் வாரம், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பெரியவர் மையத்துக்கு வந்தார்.

“பேருங்க?”

“காளியப்பன்.”

“அப்பா பேரு?”

“ராமசாமி. ஏனுங் தம்பி, கதிரேசன் ஊர்ல இருந்து வந்துட்டாப்லயா? ஒடம்பு தேவலையா?”

வைரவனின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன. பெரியவர் கேட்ட விதத்தில் கேலி இல்லை, குத்தல் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாட்டை விசாரிப்பதுபோலத்தான் விசாரித்தார். வரிசையில் நின்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அந்த நான்கு தலைகளும் குனிந்ததைப் பார்த்ததும் எல்லாமே அவனுக்கு விளங்கியது: ரசம், கச்சாயம், செவ்வாய்க்கிழமைக் கல்யாணம், அவன் போகிற வழியில் சட்டென்று நிற்கிற பேச்சு. பிறந்த தேதியைப் போட்டான். ஓடிபி வந்ததா என்று கேட்டான். அறைக்குப் போய் ஹெட்செட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

பத்து நாள் அதை அவன் வெளியே எடுக்கவில்லை. ஏழு மணிக்குத் தறிச் சத்தம் நிற்கவில்லை, எட்டு மணிக்கும் நிற்கவில்லை. பிள்ளைகள் தொட்டிலில் முரண்டு பிடித்தன. கோயில் மணி அதே ஆறரைக்கு அடித்து ஓய்ந்தபின் ஜனங்கள் வாசலில் நின்று, எதற்கென்று சொல்லிக்கொள்ளாமல், செங்கோடன் வீட்டு மாடியைப் பார்த்தார்கள். போனில் ரெமியின் செய்திகள் வந்து விழுந்தன: எங்கல இருக்க. ஞாயிறு நாலு மணி. வரலன்னா வேற ஆளு.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, காலுக்குக் கீழே தறிச் சத்தமும் அதிர்வும் நின்றன. வைரவன் தலையைத் தொட்டுப் பார்த்தான், ஹெட்செட் இல்லை. செங்கோடன் தன் எட்டுத் தறியையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் பேசிக்கொள்வதற்காகத் தறியை நிறுத்தியது அந்தக் கூடத்தில் அதுதான் முதல்தடவை. கதவைத் தட்டிவிட்டுப் பாவாத்தாள் நிலைப்படியில் நின்றாள், தலைமுடியெல்லாம் பஞ்சு.

“வெளையாடப் போகலீங்களா தம்பி?”

“நீங்க எல்லாரும் கேட்டீங்களாக்கா?”

“கேட்டமுங்.”

“அத்தனையும் பொய்க்கா.”

“தெரியுமுங். கட்டல் ஒண்ணுதான இருக்குது.” அவள் அறைக்குள் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். “எங்க ஊட்டுக்காரர் போயி ஆறு வருசம் ஆச்சு. இன்னமும் கதவத் தெறக்கறப்ப, வந்துட்டனுங்னு சொல்லிட்டுத்தான் உள்ள போறேன். எனக்கு மைக்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். போங், நாலு மணி ஆகப்போகுது. அந்த நஸ்ரின் புள்ள தனியா முன்னால போயிச் சாகும்.”

கீழே தறிகள் மறுபடி ஓடின. நான்கு மணிக்கு அவன் மாட்டினான். வாகைப்பாளையம் அடங்கியது.

அன்று அவன் ஆடியதைப்போல எப்போதும் ஆடியதில்லை என்று பிற்பாடு அய்யாவு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு காலடியும் அவன் காதில் தனித்தனியாக விழுந்தது. லெஃப்ட் என்றான், ரெமி திரும்பினான். கூரை என்றான், ரெமி நிமிர்ந்தான். இரண்டு அணியும் பன்னிரண்டு சுற்று ஜெயித்துச் சமநிலையில் நிற்க, கடைசிச் சுற்றுக்கு முன்னால் அரை நிமிட ஓய்வு வந்தது.

“பத்து நாள் பயமுறுத்திட்டியே” என்றாள் நஸ்ரின். “கதிரேசன் பக்கத்துல இருக்கானா? எங்களுக்கு ஒரு ஆல் த பெஸ்ட் சொல்லச் சொல்லு.”

எத்தனையோ தடவை அவன் இதைத் தாண்டியிருக்கிறான். பின்னால் திரும்பி, டேய், உன்னத்தான் கேக்கறா என்று சுவரிடம் சொன்னால் போதும். திரும்பினான். வாயைத் திறந்தான். ஊரின் அத்தனை வீடும் அந்த வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு வீடும் அவனைக் காட்டிக்கொடுக்காது, அத்தனை பேரும் டம்ளருக்குள் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

“அப்படி ஒருத்தன் இல்ல நஸ்ரின்.”

“என்னது?”

“கதிரேசன்னு யாரும் இல்ல. அது வாஷிங் மெஷினும் இல்ல, தறி. நான் ஒரு தறிக்கூடத்துக்கு மேல தனியா இருக்கேன். கோயம்புத்தூரும் இல்ல.”

யாரும் ஒன்றும் சொல்வதற்குள் கடைசிச் சுற்று ஆரம்பித்தது. நஸ்ரின் முன்னால் போய்ச் செத்தாள். இரட்டையர் இருவரும் ஒன்றாகச் செத்தார்கள். ரெமியும் அவனும் மிஞ்சினார்கள், எதிரே ஒரே ஒருவன். இடப்பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம், ஈரத்தில் மிதித்ததுபோல மெல்லிசாக ஒரு காலடி கேட்டது.

“லெஃப்ட்” என்றான் வைரவன். “ரெமி, லெஃப்ட்.”

ரெமி திரும்பவில்லை. ஒரு கண்சிமிட்டும் நேரம் நின்றான். இடப்பக்கத்திலிருந்துதான் குண்டு வந்தது. முதலில் அவனுக்கு, அடுத்தது வைரவனுக்கு.

பிறகு ரெமி பேசினான். அவன் குரலில் கோபம் இல்லாமல் இருந்தது அதுவே முதல்தடவை. “நீ சொன்னது சரிதான்ல. லெஃப்ட்டுதான். ஆனா இத்தன மாசமா வாஷிங் மெஷினுன்னு சொன்னவன், இப்ப லெஃப்ட்டுன்னா லெஃப்ட்டுதானான்னு ஒரு செகண்டு தோணிப்போச்சு. அந்த ஒரு செகண்டு போதும்ல. அடுத்த தடவயும் எனக்குத் தோணும். உன் பேர்ல தப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன்னத் திட்டவும் முடியல. நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

திரையில் ரெமியின் பெயருக்கு எதிரே எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது. இரட்டையரின் புள்ளிகள் ஒன்றாக அணைந்தன. நஸ்ரின் மட்டும் இருந்தாள்.

“வைரவன்கிறது நெசப் பேருதானா?”

“நெசம்தான்.”

“சரி” என்றாள். அவளும் போனாள்.

காதுக்குள் இப்போது ஒன்றுமில்லை. தறி இல்லை, காலடி இல்லை, குரல் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கக்கூடிய மிகச் சிறந்த அமைதி அது. கழற்ற அவனுக்குக் கை வரவில்லை. கழற்றினால் சத்தம் வரும், ஆனால் அது அவனை நோக்கி வருகிற சத்தமாக இருக்காது. மைக்கை வாயருகே இழுத்து, திரையில் ஒரு புள்ளியும் எரியாத பட்டியலைப் பார்த்துக்கொண்டு, “யாராச்சும் இருக்கீங்களா?” என்றான்.

பதில் வரவில்லை. பிறகு எழுந்து, வயர் எட்டுமட்டும் நடந்து, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து திறக்காத ஜன்னலைத் திறந்தான்.

தெரு நிறைந்திருந்தது. அய்யாவு டம்ளர் கழுவிய ஈரக்கையோடு நின்றார், செங்கோடன் நின்றார், காளியப்பன் கோலை ஊன்றி நின்றார், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் நின்றார்கள், அப்பா பேரு என்ன என்று அவன் கேட்டு எழுதிய அத்தனை பேரும் நின்றார்கள். எல்லார் உதடும் அசைந்தது, ஒரு சொல்லும் மேலே வரவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்ற பாவாத்தாள் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள். அவன் குடிவந்த வாரத்தில் படிக்கட்டில் காட்டிய அதே கை. அது காசு இல்லை என்று வைரவனுக்கு இன்றைக்குப் புரிந்தது. அவன் இல்லை என்று தலையசைத்தான். இன்னும் சாப்பிடவில்லை.

பாவாத்தாள் ஒரு விரலை நிமிர்த்தினாள். அப்புறம் இரண்டு விரலை நிமிர்த்தினாள். மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. அவசரப்படாமல், அவன் எதைச் சொன்னாலும் அத்தனை சோறு போசியில் இருக்கும் என்பதுபோல, மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வைரவன் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்தினான். தெருக்கோடியில் நிற்பவருக்கும் தெரியும்படி அதை வெகுநேரம் அப்படியே வைத்திருந்தான்.

பிறகு இன்னொரு கையால் ஹெட்செட்டைக் கழற்றினான். தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடதடவென்று வந்தன.